குளிராத மார்கழியும் காய்க்காத தக்காளியும்



வன்னியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியிருக்கும் எம்மவர் பலர், மாரி மழை தணிந்ததும் சாடியில் தக்காளி நடுகிறார்கள். ஊரில் அதுதான் வழக்கம். மழையில் ஊறிய மண், மார்கழிப் பனி, வாடைக்காற்று எல்லாம் அங்கே பயிருக்குத் துணை. அதே கணக்கில் கொழும்புத் தொடர்மாடியின் பல்கனியில் நட்டால் செடி வளர்கிறது, பூக்கிறது, பூ உதிர்கிறது. காயைக் காணோம்.

எமது பெண்கள் வட்டத்துக்கு வரும் ஒரு சகோதரிக்கும் இதுதான் நடந்தது. 2009இல் கணவரை இழந்தவர். கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் மகளுடன் இருக்கிறார். பூ உதிர்வதைப் பார்த்த அயலவர் ஒருவர், "தாலி இழந்த கையால நட்டா எப்பிடிக் காய்க்கும்?" என்று கேட்டிருக்கிறார். அதன்பின் இவர் சாடிகளைத் தொடவில்லை. தண்ணீர் ஊற்றுவதைக்கூட மகளிடம் விட்டுவிட்டார். அறியாமையில் சொன்னது என்று ஒதுக்கவும் முடியாது, சொன்னவர் படித்தவர்தான்.

காரணம் கையில் இல்லை, இரவில் இருக்கிறது. தக்காளிப் பூ பிஞ்சாக மாற, இரவில் 15 முதல் 20 பாகை செல்சியஸ் வரையான குளிர் நல்லது. இரவு அதைவிடச் சூடாக இருந்தால் மகரந்தம் வலுவிழந்து பூ உதிரும். கொழும்பில் மார்கழி, தை இரவுகளிலும் வெப்பநிலை பெரும்பாலும் 22 பாகையை ஒட்டியே நிற்கிறது. பகலெல்லாம் வெயில் குடித்த கொங்கிறீற்றுச் சுவர் இரவில் அந்தச் சூட்டை வெளியே விடுகிறது. பக்கத்து வீட்டுக் குளிரூட்டியின் வெளிப்பெட்டி உங்கள் பக்கம் பார்த்திருந்தால் கேட்கவே வேண்டாம். பூமியும் சூடாகி வருகிறது. பதிவுகளில் மிகச் சூடான ஆண்டு 2024. சுமங்கலி நட்டாலும் அந்தச் சுவரோரம் பூ உதிரத்தான் செய்யும்.

கொழும்பு ஈரவலயம். இங்கே மழை கூடுவது சித்திரை, வைகாசியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும். தை, மாசியில் மழை குறைவு, சாடி மண் ஒரே நாளில் காய்ந்துவிடும். கோவா ஆசையை விட்டுவிடலாம். தக்காளி கட்டாயம் வேண்டுமென்றால் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, நாளுக்கு 6 மணித்தியாலமாவது வெயில்படும் இடத்தில் வையுங்கள். காலையில் பூங்கொத்தை விரலால் மெல்லத் தட்டிவிடுங்கள். மகரந்தம் உதிர்ந்து அதே பூவில் படும்.

நான் கீரையின் பக்கம். சந்தையில் ஒரு கட்டுப் பொன்னாங்காணி வாங்கி, இலையைச் சுண்டியபின் தடித்த தண்டுகளை நான்கு விரல் நீளத்துக்கு வெட்டி ஊன்றுங்கள். கங்குன் தண்டும் அப்படித்தான். விதைக்குக் காசு தேவையில்லை. பழைய உரப்பையில் மண்ணோடு தும்புத்தூளும் மரக்கறித் தோல் மக்கிய கூட்டெருவும் கலந்தால் போதும். ஒரு மாதமளவில் கிள்ளத் தொடங்கலாம். அந்தச் சகோதரியும் இப்போது பொன்னாங்காணி ஊன்றியிருக்கிறார். தண்ணீரும் தானே ஊற்றுகிறார்.

கீரைதானே என்று எண்ணவேண்டாம். 2022 செப்ரெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாக இருந்தது. அந்த வருடம் அரசாங்க ஊழியர்கள் தோட்டம் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தார்கள். வீட்டுவேலைக்குப் போகும் எமது பெண்களுக்கோ வெள்ளியும் வேலைநாள்தான். பல்கனியில் மூன்று பை கீரை வைத்திருந்தவர்களுக்குச் சோற்றோடு ஒரு கறி மிஞ்சியது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். சாடியின் அடித்தட்டில் தண்ணீர் தேங்கக்கூடாது. 2017இல் இந்நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது, 400 பேருக்கு மேல் இறந்தார்கள். தட்டில் மணல் நிரப்புங்கள். அல்லது வாரம் இருமுறை கவிழ்த்து, உட்புறத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். நுளம்பு முட்டை தட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வாடகை வீடென்றால் சாடி வைக்கமுன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பிறகு டெங்கைச் சாட்டி எல்லாவற்றையும் எடுக்கச் சொல்ல இடம் வைக்கவேண்டாம்.