சிறைக்கூலியில் பிடித்த பணம் யாருக்குப் போகிறது?

தமிழ்நாட்டுச் சிறைகளில் உழைக்கும் தண்டனைச் சிறைவாசியின் கூலியில் 20 விழுக்காடு, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதிக்கென்று பிடிக்கப்படுகிறது. கூலியில் ஒரு பகுதி அவர்களுக்குச் சேர வேண்டும் என்று 1998-இல் குஜராத் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. பழவேற்காட்டுக் கரையில் இதை அறிந்த குடும்பங்கள் எத்தனை?

ஏரியில் மீன்பிடி இடத்தைப் பங்கிடும் மரபான பாடு முறையில் தலித்துகளுக்கும் இருளர்களுக்கும் பங்கில்லை. கையால் இறால் தடவிப் பிழைக்கும் வீட்டில் சம்பாதிப்பவர் கொல்லப்பட்டால், மறுநாள் உலை வைக்க வழியில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட நிவாரணமோ, குற்றவாளி பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாதவராக இருந்தால்தான் கிடைக்கும். கூலிப் பிடித்த நிதிக்கு அந்தத் தடை இல்லை.

சிறைவாசியின் பங்கைக் குறைக்க நாம் கேட்கவில்லை. மக்கள்தொகை விகிதத்தைவிடச் சிறைகளில் தலித்துகள் அதிகம். அந்த வீடுகளும் நம் வீடுகளே. ஏற்கெனவே பிடித்த பணத்துக்குத்தான் கணக்குக் கேட்கிறோம். தண்டனை உறுதியானதும் சிறைத்துறையே குடும்பத்தைத் தேடி வந்து சொல்ல வேண்டும், அலையவிடக் கூடாது.

தோழர்களே, தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுவோம்: எவ்வளவு பிடித்தீர்கள், எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள்? பக்கத்திலிருக்கும் புழல் சிறையிலிருந்தே தொடங்குவோம்.