டிரெய்னிங் செலவை வரியில் கழிக்க முடியுமா? ஒர்க் ஷாப், பேக்கரி, பார்லர் ஓனர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை!

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் சர்வீஸ் கற்றுவர மெக்கானிக்கை கோர்ஸுக்கு அனுப்புகிறார் ஒர்க் ஷாப் ஓனர். பார்லர் வைத்திருப்பவர் புது மேக்கப் கோர்ஸில் சேர்கிறார். லைசென்ஸ் பெற்ற உணவுத் தொழில்களில் 25 பணியாளருக்கு ஒருவர் வீதம் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் வேண்டும் என்பதால், பேக்கரிக்காரரும் ஆள் அனுப்புகிறார்.

இவர்கள் எல்லோருமே ஒரு வசனத்தைக் கேட்டிருப்பார்கள். "பில்லை வாங்கி வச்சுக்கோங்க, டாக்ஸ்ல கழிச்சுக்கலாம்!"

இது பாதி உண்மைதான். பயிற்சிச் செலவை நம்பி வரிக் கணக்கு போடும் முன், நீங்கள் எந்த முறையில் ரிட்டர்ன் தாக்கல் செய்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும். பில் அதற்கு அப்புறம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1961 வருமான வரிச் சட்டத்தில் 'பயிற்சிச் செலவு' என்று இதற்கென ஒரு தனிச் சலுகை கிடையாது. பிரிவு 37(1) என்ற பொது விதியின் கீழ்தான் இது வருகிறது. அந்த விதி கேட்பது மூன்று விஷயங்கள்:

* செலவு முழுக்க முழுக்க தொழிலுக்காகச் செய்யப்பட்டிருக்க வேண்டும்
* சொந்தச் செலவாக இருக்கக் கூடாது
* மெஷின், கட்டடம் போன்ற மூலதனச் செலவாக இருக்கக் கூடாது

இந்த மூன்றும் பொருந்தினால் லாபத்தில் இருந்து கழித்துக்கொள்ளலாம். ஏப்ரல் 1, 2026 முதல் புதிய வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வந்துவிட்டது. பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன, ஆனால் இந்த அடிப்படை விதி அப்படியேதான் இருக்கிறது. 2025-26 நிதியாண்டுக்கான ரிட்டர்ன் பழைய சட்டப்படிதான் என்பதால், இங்கே பழைய எண்களையே தருகிறோம்.

44ஏடி-யில் இருக்கிறீர்களா? அப்போ கதையே வேற!

சிறு வியாபாரிகள் பலரும் கணக்குப் புத்தகத் தொல்லை வேண்டாம் என்று தேர்ந்தெடுப்பது பிரிவு 44ஏடி. ஆண்டு விற்றுமுதல் 2 கோடி ரூபாய் வரை இருப்பவர்கள் இதில் வரலாம். ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 3 கோடி வரை. வங்கி, யுபிஐ வழியாக வந்த பணத்தில் குறைந்தபட்சம் 6 சதவீதம், ரொக்கமாக வந்ததில் 8 சதவீதம் லாபம் என்று காட்டினால் போதும்.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. இந்த 6 அல்லது 8 சதவீதம் என்பது வாடகை, சம்பளம், கரண்ட் பில், டிரெய்னிங் என எல்லாச் செலவும் ஏற்கெனவே கழிந்த பிறகு நிற்கும் லாபமாகச் சட்டத்தால் கருதப்படுகிறது. அதற்கு மேல் தனியாக எதையும் கழிக்க முடியாது. நீங்கள் கோர்ஸுக்கு 5 ஆயிரம் கட்டினாலும் 50 ஆயிரம் கட்டினாலும் ரிட்டர்னில் ஒரு ரூபாய்கூட மாறாது.

சரி, இந்த ஒரு செலவுக்காக 44ஏடி-யை விட்டு வெளியே வரலாமா? யோசித்துச் செய்யுங்கள். ஒருமுறை விலகினால் அடுத்த 5 ஆண்டுகளுக்கு மீண்டும் உள்ளே வர முடியாது. மொத்த வருமானம் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டினால் கணக்குப் புத்தகமும் ஆடிட்டும் கட்டாயம். ஆடிட்டர் ஃபீஸ், மிச்சமாகும் வரியைவிட அதிகமாகிவிடலாம்.

எவ்வளவு மிச்சம்? ஒரு கணக்கு பார்ப்போம்

கணக்குப் புத்தகம் பராமரிக்கும் ஒரு ஒர்க் ஷாப் ஓனரை எடுத்துக்கொள்வோம். புதிய வரி முறை, 2025-26-ல் லாபம் 15 லட்சம் ரூபாய், வேறு வருமானம் இல்லை. இரண்டு மெக்கானிக்குகளின் கோர்ஸ் ஃபீஸ் 60,000 ரூபாய்.

* செலவைக் கழித்த பின் லாபம்: 14,40,000 ரூபாய்
* இவர் இருக்கும் வரி அடுக்கு: 15 சதவீதம்
* குறையும் வரி: 9,000 ரூபாய், 4 சதவீத செஸ் சேர்த்து 9,360 ரூபாய்

அதாவது கட்டிய 60,000-ல் 50,640 ரூபாய் அவர் கையில் இருந்து போனதுதான். 'கழிக்கலாம்' என்றால் பணம் முழுசாகத் திரும்பி வரும் என்று அர்த்தம் இல்லை.

இதே செலவைச் செய்தது பார்ட்னர்ஷிப் நிறுவனம் என்றால் வரி நேராக 30 சதவீதம். அங்கே செஸ் சேர்த்து 18,720 ரூபாய் குறையும். தனிநபர் உரிமையாளரின் மொத்த வருமானமே 12 லட்சத்துக்குள் என்றால், புதிய முறையில் 87ஏ தள்ளுபடியால் பொதுவாக வரியே வராது. இல்லாத வரியை எங்கே போய்க் குறைப்பது?

புதிய வரி முறையில் கழிவே கிடையாதா?

பலருக்கும் இருக்கும் குழப்பம் இது. புதிய முறையில் போனது 80சி போன்ற தனிநபர் சலுகைகள். தொழில் செலவுகளை லாபத்தில் கழிப்பதற்கு அங்கேயும் தடை இல்லை.

பலர் கவனிக்காத ஜிஎஸ்டி பணம்

மேலே சொன்ன 60,000 ரூபாய் கோர்ஸுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி தனியாகப் போட்டிருந்தால், அது 10,800 ரூபாய். ஓனர் வழக்கமான ஜிஎஸ்டி பதிவில் இருந்து, வரி கட்ட வேண்டிய தொழில் நடத்தினால், இந்த 10,800-ஐ முழுசாக உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். வருமான வரியில் கிடைத்த 9,360-ஐவிட இது அதிகம்! 44ஏடி-யில் இருப்பவருக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது, ஏனென்றால் அது வேறு சட்டம்.

ஆனால் பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும், பயிற்சி மையம் அந்த பில்லைத் தன் ரிட்டர்னில் காட்டியிருக்க வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இது கிடையாது. வரவாக எடுத்த ஜிஎஸ்டி தொகையை மறுபடியும் செலவுக் கணக்கில் சேர்க்கவும் கூடாது.

எது செல்லும், எது செல்லாது?

*ஊழியர் பயிற்சி:* பெரும்பாலும் சிக்கல் இல்லை. அவர் வேலை விட்டுப் போய்விட்டாலும், செலவு செய்தபோது தொழிலுக்காகத்தான் செய்தீர்கள் என்பது மாறாது.

*ஓனரின் பயிற்சி:* நடத்தும் தொழிலுக்கு நேரடியாகப் பயன்பட்டால் கோரலாம். தொழில் தொடங்கும் முன்பே படித்த கோர்ஸுக்குக் கிடையாது.

*மகன், மகள் படிப்பு:* பிரச்சினை அதிகம் வருவது இதில்தான். 1978-ல் சகால் பேப்பர்ஸ் வழக்கில், நிர்வாகியின் மகள் வெளிநாட்டில் பத்திரிகைத் துறை பயிற்சி பெற்ற செலவை பம்பாய் உயர் நீதிமன்றம் தொழில் செலவாக ஏற்றது. நிறுவனம் நடத்தியதே பத்திரிகைதான் என்பதைக் கவனிக்க வேண்டும். தொழிலோடு தொடர்பு நிரூபிக்கப்படாத பல வழக்குகளில் இத்தகைய கோரிக்கை நிராகரிக்கப்பட்டிருக்கிறது. மகனின் காலேஜ் ஃபீஸை 'டிரெய்னிங்' என்று எழுதினால் நிற்காது.

*கோர்ஸுக்காக வாங்கிய கருவி:* லேப்டாப், ஸ்கேனர் எல்லாம் மூலதனம். தேய்மானமாகத்தான் ஆண்டுதோறும் கழிக்க முடியும்.

*பயணம், தங்கும் அறை:* பயிற்சிக்காகப் போனால் சேரும். கூடவே குடும்பத்தை அழைத்துப்போன செலவு சேராது.

ரொக்கமாகக் கட்டாதீங்க!

ஒரே நாளில் ஒரே நபருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், பிரிவு 40ஏ(3)-ன்படி பொதுவாக அந்தச் செலவு முழுவதுமே செல்லாது. யுபிஐ, வங்கிப் பரிமாற்றம் என்றால் இந்தத் தொல்லை இல்லை.

போலி பில் வாங்கிக் கணக்கு காட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பொய்யான பதிவு என்று நிரூபணமானால், குறைத்துக் காட்டிய வரியைப் போல 200 சதவீதம் வரை அபராதம் வரும். 9,360 மிச்சம் பிடிக்கப் போய் அந்த வரியோடு 18,720 அபராதமும், வட்டியும் கட்டும் நிலை.

என்னென்ன எடுத்து வைக்கணும்?

* தொழில் பெயரில் பில், கூடவே ஜிஎஸ்டி எண்
* பணம் கட்டியதற்கான வங்கி அல்லது யுபிஐ ஆதாரம்
* பாடத்திட்டம், வருகைப் பதிவு, சான்றிதழ்
* இந்தப் பயிற்சி தொழிலுக்கு ஏன் தேவை என்று ஒரு பக்கக் குறிப்பு

கோர்ஸில் சேரும் முன்பே ஆடிட்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: "நான் 44ஏடி-யில் இருக்கேனா? இந்த பில்லுக்கு ஜிஎஸ்டி வரவு கிடைக்குமா?" பதில் இரண்டும் சாதகமாக இல்லை என்றால் வரியை மறந்துவிட்டு, இந்தப் பயிற்சியால் கடைக்கு எவ்வளவு கூடுதல் வேலை வரும் என்ற கணக்கை மட்டும் பாருங்கள். அந்தக் கணக்கு சரியாக வந்தால், வரிச் சலுகை இல்லாமலும் அது நல்ல செலவுதான்.