ஸ்டார் போட்ட லென்ஸும் போடாத லென்ஸும்

ஹாசல்பிளாட் கேமரா வாங்க நினைக்கும் எவருக்கும் முதல் நாளே சொல்லித்தரப்படும் பாடம் ஒன்று உண்டு. பழைய 'சி' வரிசை லென்ஸைத் தொடாதே, பின்னால் வந்த 'சிஎஃப்' வாங்கு. கையில் காசிருந்தால் அதற்கும் பின்னால் வந்த 'சிஎஃப்ஐ' வாங்கு. எதை வாங்கினாலும் லென்ஸின் முகப்பில் டி-ஸ்டார் என்று பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்கு. மாடல் புதிதாக ஆக ஆகப் படமும் மேலாகும் என்பதுதான் இந்தப் பாடத்தின் அடித்தளம். 80, 150, 250 மில்லிமீட்டர் லென்ஸ்களைப் பொறுத்தவரை இது தவறு. தவறு மட்டுமல்ல, கேடும்கூட. பழைய லென்ஸோடு கேமராவை வாங்கிவிட்ட இளைஞர்கள், படம் சோபிக்காததற்கு லென்ஸின் வயதைக் காரணம் காட்டி, அடுத்த மாடலுக்குக் காசு சேர்க்கிறார்கள். சுருளுக்கு 12 படம் மட்டுமே தரும் 120 பிலிமுக்குப் போயிருக்க வேண்டிய காசு அது. இன்னொரு பக்கம், ஒருமுறை திறந்து துடைத்து எண்ணெயிட்டால் இன்னும் பல ஆண்டு உழைக்கக்கூடிய 'சி' லென்ஸ்கள் உதிரிபாகத்துக்காகப் பிரிக்கப்படுகின்றன.

டி-ஸ்டார் என்பது என்ன? வில்லையின் மேல் பல அடுக்காகப் பூசப்படும் பூச்சு. கண்ணாடிப் பரப்பில் ஒளி பட்டுத் திரும்புவதைக் குறைக்கிறது. அதன் அருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அருமையின் அளவு என்ன என்று யாரும் கேட்பதில்லை. ஹாசல்பிளாடின் 80 மி.மீ. லென்ஸ் பிளானர் வகை. அந்த வகையை கார்ல் ஸைஸ் நிறுவனத்துக்காக பால் ருடால்ஃப் வடிவமைத்தது 1896இல். அற்புதமான வடிவம், ஆனால் காற்றைத் தொடும் பரப்புகள் அதில் அதிகம். பூச்சில்லாத கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். திரும்பிய ஒளி உள்ளுக்குள்ளேயே அலைந்து படத்தை வெளுக்கடிக்கும். அதனால்தான் 1902இல் வந்த டெஸ்ஸார், 4 வில்லையும் 6 பரப்பும் மட்டுமே கொண்ட எளிய லென்ஸ், பிளானரை ஓரங்கட்டியது. பிளானருக்கு மறுவாழ்வு கிடைக்க 1935 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டுதான் ஸைஸில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஸ்மாக்குலா ஒளி திரும்புவதைத் தடுக்கும் பூச்சுக்கு வழி கண்டார்.

பெரிய தாவல் அதுதான், ஓரடுக்குப் பூச்சு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஹாசல்பிளாடின் 80 மி.மீ. பிளானரில் 5 தொகுதிகளாக 7 வில்லைகள். காற்றைத் தொடும் பரப்புகள் 10. பூச்சே இல்லாவிட்டால் உள்ளே நுழையும் ஒளியில் மூன்றில் இரண்டு பங்குதான் பிலிமை அடையும். பரப்புக்கு ஒன்றரை சதவீத இழப்பு என்று வைத்தால், ஓரடுக்குப் பூச்சு அதை 86 சதவீதத்துக்கு உயர்த்துகிறது. பரப்புக்கு அரை சதவீதம் என்று வைத்தால், பல அடுக்குப் பூச்சில் அது 95 ஆகிறது. பின்னிரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு ஸ்டாப்பில் ஏழில் ஒரு பங்கு. சூரியனோ விளக்கோ சட்டகத்துக்குள் நேராக நிற்கும்போது டி-ஸ்டார் லென்ஸில் பிளேர் குறைவாக இருக்கும், நிழல்கள் கொஞ்சம் ஆழமாக விழும். இது உண்மை. ஆனால் சூரியன் சட்டகத்துக்கு வெளியே பக்கவாட்டில் இருக்கையில் லென்ஸைக் காப்பது ஹூட். டி-ஸ்டாருக்காகப் பல்லாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்தவர்கள் ஹூட் இல்லாமல் படமெடுப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது.

ஓரடுக்குப் பூச்சு போதாது என்று சொல்பவர்கள் 1968 டிசம்பர் 24ஆம் தேதியை எண்ணிப் பார்க்க வேண்டும். அன்று அப்பல்லோ 8 விண்கலத்திலிருந்து, நிலவின் விளிம்புக்கு மேலே பூமி எழுவதை வில்லியம் ஆண்டர்ஸ் படமெடுத்தார். கேமரா, மோட்டார் பொருத்திய ஹாசல்பிளாட் 500இஎல்; லென்ஸ், ஸைஸின் 250 மி.மீ. 'சொன்னார்' (Sonnar). டி-ஸ்டார் பூச்சு ஹாசல்பிளாட் லென்ஸ்களுக்கு வந்தது 1970களில்தான். அதற்கும் முன்னால், 1962இல் வால்டர் ஷிர்ரா விண்வெளிக்குக் கொண்டுபோனது கடையில் வாங்கிய 500சி கேமராவும் 80 மி.மீ. பிளானரும். காற்று மண்டலத்தின் தடுப்பே இல்லாத வெயில், பக்கத்திலேயே மையிருட்டு. பிளேருக்கு அதைவிடக் கடுமையான சோதனை எந்தத் திருமண மண்டபத்திலும் எந்தக் கடற்கரையிலும் நமக்கு வாய்க்கப்போவதில்லை.

சரி, 1982இல் 'சிஎஃப்' வந்ததே, அதில் என்ன மாறியது? 500சி வெளிவந்த 1957ஐ ஒட்டிய முதல் சில ஆண்டுகளை விட்டுவிட்டால், 80 மி.மீ. பிளானரின் ஒளியமைப்பு அதே 7 வில்லைதான். 150 மி.மீ. சொன்னாரில் அதே 5 வில்லை, 250இல் அதே 4. மாறியவை ஷட்டரும் உடற்கூடும். சிங்க்ரோ-கம்பூர் ஷட்டர் போய் புரோன்டார் வந்தது. ஒடுங்கிய உலோகப் போகஸ் வளையம் போய், பிடிக்கத் தோதான ரப்பர் வளையம் வந்தது. 'சி' லென்ஸில் ஷட்டர் வேகமும் அப்பர்ச்சரும் எப்போதும் கைகோத்தே திரும்பும். ஒன்றை மட்டும் மாற்றச் சிறு நெம்புகோலை அழுத்த வேண்டும். 'சிஎஃப்'பில் இரண்டும் தனித்தனி, வேண்டும்போது பொத்தானை அழுத்தி இணைத்துக்கொள்ளலாம். பில்டர் மாட்டும் வாய் பி50இலிருந்து பி60 ஆனது. பழைய பில்டர்களும் ஹூடும் அதோடு உதவாமல் போயின. அப்பர்ச்சரைத் திருப்பத் திருப்ப, எது முதல் எதுவரை தெளிவாக விழும் என்று நகர்ந்து காட்டும் இரண்டு சிவப்பு முட்கள் 'சி' லென்ஸில் உண்டு. அழகான, பயனுள்ள ஏற்பாடு. 'சிஎஃப்'பில் அதை எடுத்துவிட்டார்கள். இவையெல்லாம் கைக்கு உள்ள வசதி பற்றியவை. பிலிமில் விழும் பிம்பத்தில் இவற்றில் ஒன்றும் தெரியாது.

மாடல் புதிதென்றால் கண்ணாடியும் மேலானது என்ற நம்பிக்கையை ஸைஸ் நிறுவனமே உடைத்திருக்கிறது. 1990களின் பிற்பகுதியில் விலை குறைந்த வரிசையாக 'சிபி' லென்ஸ்கள் வந்தன. அதில் 80 மி.மீ. பிளானருக்கு 6 வில்லைதான். மிக நல்ல லென்ஸ். ஆனால் ஆண்டைப் பார்த்து வாங்குபவர், பழையதைவிட ஒரு வில்லை குறைந்ததை மேம்பாடு என்று நம்பியே வாங்குவார்.

அகலக்கோண லென்ஸ்களின் கதை வேறு. 50 மி.மீ. டிஸ்டகானிலும் 40 மி.மீ. டிஸ்டகானிலும் பின்னால் வந்த 'எஃப்எல்இ' மாடல்களில் வில்லைகளில் ஒரு பகுதி தனியே நகரும். கிட்டத்தில் போகஸ் செய்யும்போது ஓரங்கள் குழைவதை அது தடுக்கிறது. அங்கே வடிவமைப்பே மாறியிருக்கிறது, அங்கே புதியதற்குக் கூடுதல் விலை கொடுப்பதில் நியாயம் உண்டு. என் கோபம், இந்த இரண்டு லென்ஸுக்குப் பொருந்துவதை எடுத்து மொத்த வரிசைக்கும் சட்டமாக்கியதன் மேல்தான்.

எதிர்த்தரப்பில் வலுவான வாதம் ஒன்றே ஒன்றுதான். சிங்க்ரோ-கம்பூர் ஷட்டருக்குப் புதிய உதிரிபாகம் கிடைப்பதில்லை, முதன்மைச் சுருள்வில் உடைந்தால் இன்னொரு லென்ஸிலிருந்துதான் எடுக்க வேண்டும். மெய்தான். ஆனால் 'சிஎஃப்'பும் இன்று இளமையானதல்ல. முதலில் வந்தவற்றுக்கு வயது 40 தாண்டிவிட்டது. உள்ளே இட்ட எண்ணெய் மாடல் பார்த்துக் காய்வதில்லை. கவனிப்பாரற்றுக் கிடந்த 'சிஎஃப்' ஒரு நொடி வேகத்தில் திணறும். அண்மையில் பழுதுபார்த்த 'சி' அதே வேகத்தில் சீராக ஓடும். பூஞ்சையும் அப்படியே. கடலோர ஈரக்காற்றில் வாழும் நமக்கு, எந்தப் பூச்சானாலும் அது அரித்துவிடும் என்பது தெரியும்.

எதிர்முனையில் இன்னொரு கூட்டமும் இருக்கிறது. பழைய லென்ஸுக்குத்தான் 'ஆன்மா' உண்டு என்பார்கள். பெரும்பாலும் அவர்கள் ஆன்மா என்று கொண்டாடுவது, உள் வில்லையில் படிந்த மங்கலை. துடைத்தால் போய்விடும்.

வாங்கப் போகிறவர் கையில் ஒரு டார்ச் இருக்கட்டும். அப்பர்ச்சரை முழுதும் திறந்து, பின்பக்கமிருந்து வெளிச்சம் பாய்ச்சி, மங்கலும் நூலிழைப் பூஞ்சையும் உண்டா என்று பாருங்கள். ஷட்டரை ஒரு நொடி, அரை நொடி, கால் நொடி என்று வைத்துக் காதால் கேளுங்கள்; பழுது முதலில் தலைகாட்டுவது மெதுவான வேகங்களில்தான். 'சி' லென்ஸானால், தானியங்கி டைமருக்கான 'வி' குறிக்கு நெம்புகோலைத் தள்ளாதீர்கள். எண்ணெய் வறண்டிருந்தால் ஷட்டர் பாதியில் நின்றுவிடும். கடைசியாக எப்போது, யாரிடம் பழுதுபார்த்தார்கள் என்று கேளுங்கள். என் முன்னே பழுதுபார்த்த சீட்டோடு ஒரு ஓரடுக்குப் பூச்சு 80 மி.மீ. 'சி'யும், சீட்டில்லாத ஒரு டி-ஸ்டார் 'சிஎஃப்'பும் இருந்தால் 'சி'யைத்தான் எடுப்பேன். இரண்டும் ஒரே நிலையில், ஒரே விலையில் இருந்தால் 'சிஎஃப்'. கைக்கு அது இலகு. 50 மி.மீ. என்றால் 'எஃப்எல்இ'க்காகக் காத்திருப்பேன். 150க்கும் 250க்கும் 'சி' போதும், மிச்சப் பணத்தில் முதலில் ஹூட், பிறகு பிலிம்.