கத்தி பிடிக்கும் கைகளைக் கட்டியது யார்?

2020-ல் கொரோனா வந்தது. சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன் தியேட்டர்கள் பல மூடிக்கிடந்தன. ரணசிகிச்சை பயில வந்த இளம் டாக்டர்கள் கொரோனா வார்டுகளுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களது பயிற்சி பாழாயிற்று. ‘கொள்ளைநோய் வந்தால் யார் என்ன செய்ய முடியும்?’ என்று கைவிரிக்கிறார்கள் ஆளவந்தார்கள். நோயின் தலையில் பழியைப் போட்டுத் தப்பும் இந்த வாதத்தை உழைப்பாளி மக்கள் ஏற்க முடியுமா?

கைபழகாமல் வித்தை வராது

அறுந்த இழையைப் பிணைக்க மில் தொழிலாளி எங்கே கற்றார்? மெஷின் முன்னால் நின்று கற்றார். நாற்று நடக் கற்றது சேற்றில் இறங்கித்தான். ரணசிகிச்சையும் அப்படியே. எம்.எஸ். படிப்பு 3 ஆண்டு. முதலில் பெரிய டாக்டர் பக்கத்தில் நின்று உதவ வேண்டும். பிறகு தையல் போட வேண்டும். அதன் பிறகே, பெரிய டாக்டர் மேற்பார்வையில், குடலிறக்கம் போன்ற ஆபரேஷன்களைத் தன் கையால் செய்யலாம்.

2020 மார்ச் 20-ல் மத்திய சுகாதார அமைச்சகம், அவசரமற்ற ஆபரேஷன்களைத் தள்ளிவைக்கச் சொன்னது. இளம் டாக்டர்கள் கைபழகுவது அந்த ஆபரேஷன்களில்தான்! நோய் உச்சத்தில் இருக்கும் 12 வாரங்களில் உலகெங்கும் 2 கோடியே 84 லட்சம் ஆபரேஷன்கள் ரத்தாகும் அல்லது தள்ளிப்போகும் என்று ஆராய்ச்சியாளர்கள் அப்போது கணக்கிட்டனர். மூட்டை தூக்கும் தொழிலாளியின் குடலிறக்கமும் ‘அவசரமற்றது’தான். ஆனால் பிதுங்கிய குடல் இறுகிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அன்று அவனுக்குக் கைதேர்ந்த டாக்டர் வேண்டாமா?

நோய் செய்தது பாதி, சர்க்கார் செய்தது பாதி

தொற்று பரவும்போது சில ஆபரேஷன்களைத் தள்ளிவைத்ததை நாம் குறை கூறவில்லை. கொரோனா வார்டில் உயிரைப் பணயம் வைத்து உழைத்த இளம் டாக்டர்களுக்கு நமது வணக்கம். கேள்வி வேறு. எலும்பு டாக்டரையும் ரணசிகிச்சை டாக்டரையும் காய்ச்சல் வார்டுக்கு இழுக்கும் நிலை ஏன் வந்தது? போதிய டாக்டர்களையும் நர்சுகளையும் நிரந்தரமாக நியமிக்காததால் வந்தது!

2025-க்குள் தேசிய உற்பத்தியில் 2.5 சதவீதத்தைப் பொதுச் சுகாதாரத்துக்குச் செலவிடுவோம் என்று 2017-ல் மத்திய சர்க்கார் கொள்கை வகுத்தது. ஆண்டு வந்தது, பணம் வரவில்லை.

இன்னொரு கொடுமையும் நடந்தது. 2021 ஏப்ரல் 18-ல் நடக்கவிருந்த முதுநிலை நீட் தேர்வு தள்ளிப்போய், செப்டம்பர் 11-ல் நடந்தது. அதன் பிறகும் இடங்கள் ஒதுக்கப்படவில்லை. இட ஒதுக்கீட்டுக்கு மத்திய சர்க்கார் வைத்த 8 லட்ச ரூபாய் வருமான வரம்பு வழக்கில் சிக்கியது. 2022 ஜனவரி 12-ல்தான் கலந்தாய்வு தொடங்கியது. மூன்று ஆண்டு மாணவர்கள் பார்க்க வேண்டிய வேலையை இரண்டு ஆண்டு மாணவர்கள் சுமந்தார்கள். 2021 டிசம்பரில் டில்லி டாக்டர்கள் வீதிக்கு வந்து போராடினர். சர்க்கார் போலீசை ஏவியது!

நஷ்டம் யாருக்கு?

பணக்காரனுக்கு நஷ்டமில்லை. பல ஆண்டு அனுபவமுள்ள நிபுணரைத் தனியார் ஆஸ்பத்திரியில் அவன் விலை கொடுத்துப் பெறுவான். தாலுகா ஆஸ்பத்திரியை நம்பி நிற்பவர்கள் மெஷினில் விரல் போன தொழிலாளியும் வரப்பில் விழுந்து கால் முறிந்த விவசாயக் கூலியும்தான். அங்கே வரும் இளம் டாக்டரின் கை எவ்வளவு பழகியிருக்கிறது என்பது நமது உயிர்ப் பிரச்னை.

ஆகவே கோருகிறோம்: காலிப் பணியிடங்களை நிரந்தரமாக நிரப்பு! தொற்றுநோய்க்குத் தனிக் கட்டடமும் தனி ஊழியரும் வேண்டும். கொள்ளைநோய்க் காலத்தில் தனியார் ஆபரேஷன் தியேட்டர்களைச் சர்க்கார் எடுத்து நடத்த வேண்டும். இழந்த பயிற்சியை முழு உதவித்தொகையுடன் ஈடுசெய்ய வேண்டும்.

டாக்டர்களின் கோரிக்கை வேறு, நமது கோரிக்கை வேறு அல்ல. சங்கக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள், தோழர்களே! அடுத்த கொள்ளைநோய் நமக்குத் தேதி சொல்லி வராது.