சில்லறைச் சண்டை தீருமா?

"சில்லறையாக் கொடுங்க!"

"இல்லீங்களே!"

சூலூரிலிருந்து சிங்காநல்லூர் போகும் பஸ்ஸில் இந்தச் சண்டையைக் கேட்காதவர் யார்? மீதியை டிக்கெட்டின் பின்புறம் எழுதித் தருவார் கண்டக்டர். இறங்கும் அவசரத்தில் அது மறந்தே போகும்! போதாததற்கு, 10 ரூபாய் நாணயத்தைப் பலர் வாங்க மறுத்தார்கள். "எல்லாம் செல்லும்" என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே சொல்ல வேண்டியதாயிற்று.

சென்னை மாநகர பஸ்களில் 2024-ல் புதிய டிக்கெட் கருவி வந்தது. அதில் தெரியும் கட்டத்தைச் செல்போனில் படம் பிடித்தால் போதும். பயணியின் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்விடும். 2025 ஜனவரி 6-ந் தேதி, மெட்ரோ ரெயிலில் செல்லும் "சிங்காரச் சென்னை" அட்டை பஸ்ஸுக்கும் வந்தது.

இளைஞர்களுக்குக் கொண்டாட்டம். முதியவர்களுக்குத் திண்டாட்டம். கண்டக்டருக்கு? சில்லறைத் தொல்லை இல்லை. ஆனால் சிக்னல் கிடைக்காவிட்டால், நெரிசலில் ஒருவருக்காகக் காத்து நிற்க வேண்டும். அதற்குள் அடுத்த ஸ்டாப் வந்துவிடும்!

சந்தைக்குப் போகும் பாட்டியை நினைத்துப் பாருங்கள். சாதாரண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசப் பயணம் 2021 மே மாதம் தொடங்கியது. தனியார் பஸ்ஸில் ஏறினால் பாட்டியும் காசு கொடுத்தாக வேண்டும். செல்போன் இல்லை, சுருக்குப் பையில் நாணயம் இருக்கிறது. அதை வாங்க மாட்டோம் என்று சொல்லலாமா? கூடவே கூடாது.

லண்டன் பஸ்களில் 2014 ஜூலை 6-ந் தேதி ரொக்கத்தை நிறுத்தினார்கள். அப்போது ரொக்கம் கொடுத்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அப்படியிருந்தும், அட்டையில் காசு குறைந்தால் இன்னும் ஒரு தடவை பயணம் செய்யலாம் என்று வழி வைத்தார்கள்.