உரிந்த பெயின்ட்டைப் படம் பிடிப்பவர்களுக்கு

காசிமேடு துறைமுகத்தில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மீன் கூடைக்குப் போட்டியாகக் கேமராக்கள் நிற்கின்றன. வரட்டும், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. என் மனத்தாங்கல் அவர்கள் எடுக்கும் படத்தைப் பற்றியது. உரிந்த பெயின்ட், துரு வடிந்த ஆணி, பாதி அழிந்த எழுத்து: இதற்குத்தான் கிட்டப் போகிறார்கள். பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள்.

நான் சிங்கப்பெருமாள் கோயிலில் கடை போர்டு எழுதிக்கொண்டிருந்தவன். பிளெக்ஸ் வந்தது, அந்தப் பிழைப்பு போனது. இப்போது மின்சார ரயிலில் பீச் வரை போய், அங்கிருந்து காசிமேடு. விசைப்படகுகளுக்குப் பெயரும் நம்பரும் எழுதுகிறேன். உரிந்த பெயின்ட்டைப் பார்த்தால் எங்களுக்கு ஒன்றுதான் தோன்றும்: ஓனர் கையில் காசு இல்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையேறுவது அப்போதுதான். அடிப்பாகத்தில் அப்பியிருக்கும் கொட்டலசைச் சுரண்டி எடுப்பார்கள். மரப் படகென்றால் பலகை இடுக்கில் பஞ்சுத் திரியைத் திணித்துக் கலப்பத்து அடிப்பார்கள். அந்த உளிச் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். பிறகு உப்புத்தாள், பட்டி, பிரைமர். தண்ணீருக்குள் இருக்கும் பாகத்துக்குச் செம்பு கலந்த பெயின்ட். பாசி பிடித்தால் படகு டீசலைக் கூடுதலாகக் குடிக்கும். கடைசியில்தான் என் முறை வரும். அணியத்தின் வளைவில் எழுத்து நேராகத் தெரிய வேண்டுமானால் கோணலாக எழுத வேண்டும். அதை ஏணியில் நின்று பழகியவனுக்குத்தான் தெரியும்.

இந்த வேலையை எடுக்க வரும் கேமராக்கள் குறைவு. தடைக்காலத்தில் மீன் இல்லை, அதனால் ‘சீன்’ இல்லையாம்.

படகுகளின் வண்ணங்களைப் பார்த்து மீனவர் ரசனை என்று சிலாகிப்பவர்களும் உண்டு. முழுக்க அப்படி இல்லை. 2008-ல் மும்பையைத் தாக்கியவர்கள் ‘குபேர்’ என்ற மீன்பிடிப் படகைக் கடத்தித்தான் வந்தார்கள். அதன் பிறகுதான் கடலோர மாநிலம் ஒவ்வொன்றின் படகுகளுக்கும் தனி நிறம் என்ற ஏற்பாடு வந்தது. பெயரும் அதன் பக்கத்தில் வரையும் சாமி படமும் மட்டும் ஓனர் விருப்பம்.

படம் எடுப்பவர்கள் எல்லோரும் ஒன்றுபோல் இல்லை. எம். பழனிக்குமார் என்ற புகைப்படக்காரர், மீன் விற்ற தாயின் மகன், கொசஸ்தலை ஆற்றில் வெறுங்கையால் இறால் பிடிக்கும் பெண்ணை எடுத்திருக்கிறார். அந்த அம்மாவின் பெயரும் பாடும் காயம்பட்ட கையும் அந்தப் படங்களோடு சேர்ந்தே வருகின்றன. 2022-ல் தயானிதா சிங்–பரி விருது அவருக்குக் கிடைத்தது. ஆனால் நான் போன ஒரு கண்காட்சியில், படகுப் படத்துக்குக் கீழே ‘தலைப்பில்லை’ என்று எழுதியிருந்தது. படகின் பெயர் படத்திலேயே இருந்தது, என் கையெழுத்தில்.

மே மாதம் வாருங்கள். வேலை செய்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள், கீழே படகின் பெயரைப் போடுங்கள். பிரிண்ட் போட்டுத் தர முடியாவிட்டால் ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும். புது பெயின்ட்டோடு நிற்கும் படகின் படத்தைத்தான் ஓனர்கள் கேட்கிறார்கள்.