தெருநடனமும் தனித்துவமும்: ஒரு மறுப்புரை

தெருநடனம் குறித்து இருவேறு கருத்துக்கள் வழங்கி வருகின்றன. அதற்கு இலக்கணம் இல்லை, கைகால்களை மனம்போனவாறு வீசுவதே அது என்பது இகழ்வோர் கூற்று. இலக்கணம் இல்லாமையே அதன் சிறப்பு, கற்பவர் தம் அகத்தில் உள்ளதை வெளிப்படுத்தினாற் போதும் என்பது போற்றுவோர் கூற்று. முரண்பட்டவை போலத் தோன்றும் இவ்விரண்டும், தெருவிற் பிறந்த கலைக்கு ஒழுங்கு இருக்க முடியாது என்ற ஒரே தவறான அடித்தளத்தின் மீதே நிற்கின்றன. பிறேக்கிங் எனப்படும் நடனத்தின் வரலாற்றை நோக்குவோர் இதனை எளிதில் உணர்வர்.

இந்நடனம் நியூயோர்க் நகரின் பிறொங்ஸ் பகுதியில் 1970களில் உருப்பெற்றது. நெடுஞ்சாலைக்காகக் குடியிருப்புக்கள் இடிக்கப்பட்டு, தொழில் வாய்ப்புக்கள் அருகி, கைவிடப்பட்ட கட்டடங்கள் தீக்கிரையாகிக் கொண்டிருந்த பகுதி அது. 1973 ஓகஸ்ட் 11ஆம் திகதி செட்ஜ்விக் அவெனியூ 1520ஆம் இலக்கத் தொடர்மாடியில் நடைபெற்ற விருந்தொன்றில், யமேக்காவிற் பிறந்த கூல் ஹேர்க் என்னும் இளைஞர் இசைத்தட்டுக்களை இயக்கினார். பாட்டு ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதிக்காகவே ஆடுவோர் காத்திருப்பதைக் கண்ட அவர், இரு இசைத்தட்டுக்களைக் கொண்டு அப்பகுதியை நீட்டும் முறையை வளர்த்தெடுத்தார். அந்த 'பிறேக்' பகுதியில் ஆடியோரே பி-போய்கள் எனப் பெயர் பெற்றனர். முதலிற் கறுப்பின இளைஞரும், பின்னர் புவேர்ட்டோ ரிக்கோ வழிவந்த இளைஞரும் இதனை வளர்த்தனர். இவர்களுக்குப் பள்ளி இருக்கவில்லை என்பது உண்மை. ஆனால் பள்ளி இல்லாமை வேறு, இலக்கணம் இல்லாமை வேறு.

நின்றாடும் அடிகள், நிலத்திற் கையூன்றிக் கால்களைச் சுழற்றும் அடிகள், உடலையே சுழற்றும் வல்லசைவுகள், தாளத்தின் ஓரிடத்தில் உடலை உறையவைக்கும் நிலைகள் என இந்நடனத்துக்குத் தெளிவான பகுப்பு உண்டு. உடலின் பாரம் கைகளுக்கு மாறிமாறிச் செல்ல, கால்கள் ஆறு எண்ணிக்கையில் வட்டமிடும் 'சிக்ஸ் ஸ்டெப்' அதன் அரிச்சுவடி. இவற்றைப் பிறரைப் பார்த்தே கற்க வேண்டும். அதேவேளை, ஒருவர் உருவாக்கிய அசைவை இன்னொருவர் அப்படியே எடுத்தாடினால், 'கடித்தல்' என்று அதனை இழித்துரைப்பதும் அவ்வட்டத்தின் வழக்கம். பார்த்துக் கற்றுக்கொள் என்பதும், பார்த்து ஆடாதே என்பதும் ஒருங்கே சட்டமாவது எங்ஙனம்?

இதில் முரண்பாடு ஏதும் இல்லை. அடிப்படை அசைவுகள் அனைவருக்கும் பொதுச்சொத்து. அவற்றின் மேல் ஒருவர் செய்யும் மாற்றமே அவருக்குரியது. பொதுவானது எதுவென அறியாத வட்டத்தினால் புதியது எதுவென அறியவும் இயலாது. மேலும், பாரத்தை எந்தக் கையில் வைப்பது எனத் தடுமாறுபவரின் செவி இசைக்குத் திறப்பதில்லை. அடி உடலிற் படிந்த பின்னரே அவர் தாளத்தை விட்டு ஊதுகருவியின் ஓசைக்கு ஆடவும், நீண்ட காலையோ குறுகிய கையையோ தமக்கேயுரிய வடிவமாக்கவும் வல்லவராகிறார்.

இதற்கு மாறாக, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் டொன் கம்பலைச் சிலர் சான்று காட்டக்கூடும். 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில், நண்பர்கள் ஆடிய அடி தமக்கு வராமல் இடையிலே தடைப்பட்டு நின்ற அவரது அசைவிலிருந்தே 'லொக்கிங்' பிறந்தது. ஆகவே பயிலாமையே புதுமையின் தாய் என்பர். தடைப்படுதல் எல்லோர்க்கும் நேர்வது. அதனை வேண்டுமென்றே மீண்டும் செய்து, தாளத்தில் நிறுத்தி, பிறரும் கற்கத்தக்க அசைவாக்கியமையே கம்பலின் ஆற்றல். தற்செயல் அவர் உழைப்பினால் இலக்கணமாயிற்று.

2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் நிகழ்ந்ததும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. அவுஸ்திரேலிய ஆட்டக்காரி ஒருவர் மூன்று போட்டிகளிலும் 54 வாக்குகளில் ஒன்றையேனும் பெறாது தோற்றார். உலகம் நகைத்தது; இந்நடனமே கோமாளித்தனம் என்றனர் பலர். அதே நாளில் தங்கம் வென்ற யப்பானியரான அமியின் ஆட்டத்தை அவர்கள் நோக்கினரில்லை. மறுபுறம் அவருக்காக வாதாடியோர், அது அவரது தனி வெளிப்பாடு, அதனை அளக்கலாகாது என்றனர். நடுவர்கள் நோக்கிய ஐந்து அளவுகோல்களில் தனித்துவமும் ஒன்று. நுட்பம், அசைவுவளம், செயற்றிறன், இசையுணர்வு என்பன ஏனையவை. ஐந்தில் ஒன்றை முழுமையெனக் கொள்வது கலைக்குச் செய்யும் உதவியன்று.

எனினும் எதிர்ப்புறத் தீங்கும் சிறியதன்று. இன்று இந்நடனம் கண்ணாடி பதித்த கூடங்களிலும் கைத்தொலைபேசித் திரையிலும் கற்பிக்கப்படுகிறது. ஆசிரியர் எட்டுவரை எண்ண, மாணவர் அனைவரும் ஒரே அசைவை ஒரே கணத்தில் ஆடுகின்றனர். நூறு அசைவுகள் அறிந்தும் தமதென ஒன்றில்லாத ஆட்டக்காரர்கள் இவ்வாறே உருவாகின்றனர். வட்டத்தில் நின்று ஆடுபவர் தம் எதிரே நிற்பவருக்கு மறுமொழி கூறியாக வேண்டும். கண்ணாடி மறுமொழி எதனையும் கேட்பதில்லை.

ஆகவே கற்பிப்போர் ஒவ்வோர் அடியையும் கற்பித்த அன்றே கற்பவரை வட்டத்தில் இறக்கி, அவ்வடியைக் கொண்டு அவர் என்ன சொல்கிறார் என வினவ வேண்டும். விமரிசிப்போர் அவ்வடியை இனங்காணவேனும் முதலிற் பழக வேண்டும். அதுவரை, இலக்கணமற்றது என அவர்கள் இகழ்வதும் சுதந்திரமானது எனப் போற்றுவதும் அறியாமையின் இரு குரல்களேயன்றி விமரிசனம் ஆகா.